காலடி ஈரம்

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் முதலில் சந்தோஷப்படுவார்கள், அப்புறம் கோபித்துக்கொள்வார்கள். சந்தோஷம் எதற்கென்றால், சிப்பிக்குடியிருப்பில் எந்த வீட்டு வாசலில் போய் நின்றாலும், நீங்கள் யார், என்ன சோலியாக வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்னால் ஒரு செம்புத் தண்ணீர் உங்கள் கைக்கு வந்துவிடும். கோபம் எதற்கென்றால், நீங்கள் அதைக் குடித்து முடித்ததும், கொடுத்த ஆளும் பக்கத்து வீட்டு ஆளும் தெருவில் சும்மா போகிற ஆளும்கூட உங்கள் முகத்தைப் பார்க்காமல் குனிந்து காலடியைப் பார்ப்பார்கள். போன மாதம் வந்த தாசில்தார், தன் செருப்பில் எதையோ மிதித்துவிட்டோம் போல என்று நினைத்துக் காலைக் காலை உதறினார். அவருக்கு நாங்கள் காரணம் சொல்லவில்லை. சொன்னால் விசாரணைக் கமிஷன் வைப்பார்.

உப்பளத்து ஊர் எங்களுடையது. பஸ் நிற்கிற ரோட்டிலிருந்து ஊருக்குள் வரவேண்டுமென்றால், இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று பாத்தி பாத்தியாகக் கிடக்கும் உப்பளத்தின் நடுவே வரப்பில் நடந்தாக வேண்டும், மேலே ஒரு வெயில், கீழே உப்பு திருப்பி அடிக்கிற இன்னொரு வெயில், இரண்டுக்கும் நடுவில் வெந்து வருகிறவனுக்கு ஊர் எல்லையில் பேச நாக்கு எழும்பாது. அதனால்தான் முதலில் தண்ணீர், பிறகு பேச்சு. இத்தனைக்கும் எங்கள் கிணறுகளில் வாயில் வைக்க விளங்காத உவர்த் தண்ணீர். நல்ல தண்ணீர் லாரியில் வரும், அதுவும் டிரைவருக்கு மனசு வந்தால் வரும். அந்த லாரித் தண்ணீரை வருகிறவர்களுக்கு எடுத்து வைத்துவிட்டு, உவரை நாங்கள் குடித்துக்கொள்வோம். பெருமைக்குச் சொல்லவில்லை, பழகிப்போன விஷயம்.

மெயில் முகவரியும் எங்களில் யாரும் ஆசைப்பட்டு வாங்கியதில்லை. கேஸ் சிலிண்டருக்குக் கேட்டார்கள், பிள்ளைகளின் பரீட்சைக்குக் கேட்டார்கள், மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்குக் கேட்டார்கள், நாங்களும் கம்ப்யூட்டர் சென்டரில் வரிசையில் நின்று ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு வந்தோம். கேட்டவர்கள் ஒருவரும் அதற்கப்புறம் ஒரு வரி எழுதவில்லை. கேட்காதவர்கள் எழுதினார்கள். காலையில் எழுதினார்கள், மத்தியானம் எழுதினார்கள், பூசை நடக்கையில் எழுதினார்கள், சாவு வீட்டில் எழுதினார்கள். எங்களுக்குப் பரிசு விழுந்திருப்பதாக, எங்களுக்குக் கடன் தயாராக இருப்பதாக, எங்கள் கணக்கு இன்றோடு முடக்கப்படுவதாக, கேள்விப்பட்டே இராத தேசத்துத் தளபதி ஒருவரின் விதவை தன் சொத்தையெல்லாம் எங்களிடம்தான் ஒப்படைக்க விரும்புவதாக எழுதினார்கள். ஊர்க் கமிட்டித் தலைவர் ரெமிஜியூஸ் அண்ணாச்சி தினமும் காலையில் உப்பு அடுக்கி வைக்கிற தன் கிட்டங்கி வாசலில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திட்டிக்கொண்டே அழிப்பார். அழித்து அழித்துக் கட்டைவிரல் ரேகை தேய்ந்துபோய், ரேஷன் கடை மிஷின் அவரை ரெமிஜியூஸ் என்று ஒத்துக்கொள்ள மறுத்துவிட்டது.

அப்படி இருக்கையில் ஒரு காலைப்பொழுதில், யார் போனிலும் ஒரு மெயில்கூட இல்லை. அண்ணாச்சி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், பிறகு தலையை நிமிர்த்தினார். வரப்பு நெடுக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். கோட்டு போட்டவர்கள், டை கட்டியவர்கள், பெட்டி தூக்கியவர்கள், கறுப்பு முக்காடு போட்ட ஒரு வெளிநாட்டுப் பொம்பளை, கையில் எண்ணெய்ப் பாட்டிலோடு இடுப்புக்குக் கீழே முடி தொங்குகிற ஒரு பெண், எல்லோரும் அந்த வெயிலில் ஒரு துளி வியர்வை இல்லாமல் நடந்து வந்து, ஊருக்குள் பிரிந்து, அவரவர் முகவரி பார்த்து அவரவர் வாசலில் நின்று, "அன்புள்ள பயனாளரே" என்று ஆரம்பித்தார்கள். போனில் பேசுகிற பேச்சு பேச்சாகவே இருந்தது. மெயில்கள் மட்டும்தான் அன்றிலிருந்து நடந்து வந்தன. ஏன் எங்கள் ஊருக்கு மட்டும் என்று கேட்காதீர்கள். லாரி ஏன் எங்கள் ஊருக்கு மட்டும் ஒழுங்காக வருவதில்லை என்று கேட்டே எங்களுக்கு இதுவரை பதில் வரவில்லை.

ஆச்சரியப்பட நேரமில்லை, வாசலில் ஆள் நிற்கிறது. செம்பில் தண்ணீர் மோந்து கொடுத்தோம். குடித்தார்கள். கடைசிச் சொட்டுவரை மடக் மடக்கென்று குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார்கள். நல்ல மெயில்களும் இவர்களுக்கு நடுவில் வரத்தான் செய்தன. மின்சார வாரியத்திலிருந்து ஒருவர் வந்து தொகையைச் சொல்லிவிட்டு முறைத்துக்கொண்டு போனார். தெக்ளாவின் மகளுக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்த செய்தி, முகம் ஞாபகமில்லாத ஒரு சாதாரணப் பெண்ணாக வந்து, தண்ணீர் குடித்து, சொல்லிவிட்டுப் போயிற்று. பாங்கியிலிருந்து வரும் ரகசிய எண்கள் மூச்சிரைக்க ஓடி வந்து, எண்ணைக் கத்திவிட்டு, நாம் எழுதிக்கொள்வதற்குள் மயங்கி விழுந்து காற்றாகிப் போயின. ஆனால் கோட்டு போட்டவர்கள் போவதாக இல்லை. சொன்னதையே சொல்லிக்கொண்டு நின்றார்கள். ஒருவழியாகப் பொழுது சாயும்போது போனார்கள், மறுநாள் ஒருவனுக்குப் பத்துப் பேராக வந்தார்கள். தண்ணீர் வாங்கிக் குடித்தவன் எவனோ, அவன்தான் பத்துப் பேரைக் கூட்டி வருகிறான் என்பதைப் புரிந்துகொள்ள எங்களுக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. இந்த வீட்டில் ஆள் இருக்கிறது, கை நீட்டிக் கொடுக்கிறது என்று போய்ச் சொல்லியிருப்பான் போல.

முதலில் சமாளித்துப் பார்த்தோம். ரேஷன் கடை வரிசையில் நமக்குப் பதிலாக நிற்க வைத்தோம். கட்சிக்காரர்கள் ஒரு கூட்டத்துக்கு அவர்களைக் கூட்டிப் போய் நாற்காலிகளை நிரப்பினார்கள், தலைவர் பேச ஆரம்பித்ததும் இவர்களும் கூடவே பேச ஆரம்பித்ததால் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். அளத்தில் உப்பு வாரவிட்டுப் பார்த்தோம், வாளியைப் பிடித்தார்கள், வாளி நகரவில்லை, வாங்கிக்கொள்ளத் தெரிந்த கைக்கு வேலையில் பிடிமானமே இல்லை. பெண்களுக்குத்தான் பெரிய தொல்லை. "சனியன்க நின்னுட்டுப் போன எடமெல்லாம் நசநசன்னு கெடக்கு, மாப்புப் போட்டே இடுப்பு செத்துப்போச்சு" என்று தெக்ளா தெருவுக்கே கேட்கும்படி புலம்புவாள். அவர்கள் நின்ற வாசல்களில் எப்போதும் ஒரு ஈரம் தேங்கிக் கிடந்தது. அதைத் துடைத்தோமே தவிர, ஏனென்று யோசிக்கவில்லை.

இவ்வளவும் எங்களுக்கு எரிச்சல். தெக்ளாவுக்குப் பக்கத்து வீட்டு ஜெனோவாவுக்கு மட்டும் அது உயிர்ப் பிரச்சினை.

ஜெனோவாவின் புருஷன் இன்னாசி கப்பலில் எஞ்சின் அறை வேலை. சரக்குக் கப்பல், பழைய கப்பல், முதலாளி எந்த நாட்டுக்காரன் என்று கப்பலில் இருப்பவர்களுக்கே தெரியாத கப்பல். முதலாளி கடன்பட்டுக் காணாமல் போய்விட, ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே கப்பலும் ஆட்களும் கேட்பாரற்று மாதக்கணக்கில் கிடந்தார்கள். கடைசியாகப் பேசியபோது இன்னாசி சொன்னது இவ்வளவுதான்: "ஜெனோ, கப்பலோட எங்கள இங்கயிருந்து வெளிய இழுத்துட்டுப் போறாங்க. எங்கன்னு தெரியல. இனி போன் கெடைக்காது. எப்படியாவது கேப்டன் மூலமா ஒரு மெயில் போட்டுருவேன், எடத்தச் சொல்லிருவேன். நீ உடனே சங்கத்துல சொல்லிரு. தண்ணிதான் கொறைஞ்சுக்கிட்டே வருது." தூத்துக்குடியில் மாலுமிகள் சங்கத்து ஆளும் அவளிடம் அதையே சொல்லியிருந்தார். "எங்க நிக்குதுன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும்மா, பக்கத்துத் துறைமுகத்துல இருந்து படகு அனுப்பிரலாம். எடம் தெரியாம கடல்ல எங்க போய்த் தேட?"

ஆகவே எங்கள் ஊரில் மெயிலுக்காக ஒரே ஒருத்திதான் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவள் வாசலுக்கும் கோட்டுகள்தான் வந்தன. ஒவ்வொருவனுக்கும் தண்ணீர் கொடுத்தாள், ஒவ்வொருவன் சொன்னதையும் கடைசிவரை கேட்டாள், கடன் தருகிறவனிடமும் முடி எண்ணெய்க்காரியிடமும் "கப்பலப் பத்தி எதும் சொல்லிவிட்டாவளா?" என்று கேட்டாள். அதனால் ஊரிலேயே அதிகக் கூட்டம் அவள் வாசலில்தான்.

ஒரு நாள் இன்னாசியே வந்தான். அதே உயரம், அதே மீசை, இடது புருவத்தில் அதே வெட்டுத் தழும்பு. "நான் இன்னாசி. வெளிநாட்டில் மாட்டிக்கொண்டேன். என் பை தொலைந்துவிட்டது. தயவுசெய்து உடனடியாக உதவவும்" என்றான். ஜெனோவா அவன் பேசிய தமிழைக் கவனிக்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தாள். தண்ணீர் கொடுத்தாள், சோறு போட்டாள், அவன் கேட்டதும் காதில் கிடந்த கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள், அழுதாள், தெருவே கூடி நின்று அழுதது. சாயங்காலம் அவன் போய்விட்டான். மறுநாள் விடிந்ததும் அவள் கதவைத் திறந்தபோது வாசலில் பத்து இன்னாசிகள் நின்றார்கள். பத்துப் பேரும் ஒரே குரலில், பை தொலைந்துவிட்டது என்றார்கள்.

அன்று அவள் கத்திய கத்தலைக் கேட்டவர்களுக்கு அது மறக்காது. அந்தக் கத்தலுக்கு அப்புறம்தான் கோயில் மைதானத்தில் ஊர் கூடியது. இனி இந்த ஊரில் அறிமுகமில்லாத எவனுக்கும், எவளுக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது என்று ரெமிஜியூஸ் அண்ணாச்சி சொல்ல, எங்கள் ஊர் வரலாற்றில் முதல் தடவையாக எல்லாக் கையும் அதற்கு உயர்ந்தது. முதலில் உயர்ந்த கை ஜெனோவாவுடையது. வந்து நிற்கிறவர்களை என்ன செய்வது என்பதற்கும் அண்ணாச்சியே வழி சொன்னார், காலியாகிக்கொண்டிருந்த தன் கிட்டங்கியைக் கொடுத்தார். நம் பையன்கள் போய், "உள்ள வாங்க, ஒக்காந்து பேசுவோம்" என்று அன்பாகக் கூப்பிடுவார்கள், கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவர்களும் வரிசையாக உள்ளே போவார்கள், வெளியே பூட்டு விழும். டை கட்டியிருந்தால் கிட்டங்கி. பெட்டி வைத்திருந்தால் கிட்டங்கி. அவசரம் என்று சொன்னால் கிட்டங்கி. இன்னாசிகள் பத்துப் பேரும் கிட்டங்கி. ஊர் அமைதியானது. வாசல்கள் காய்ந்தன. செம்புகளை எடுத்துப் பரணில் போட்டோம். நன்றாகத்தான் தூங்கினோம் என்று சொல்ல எனக்கு இப்போது நாக்கு கூசுகிறது.

அந்த நாட்களில்தான் ஒரு உச்சிப்பொழுதில் அவன் வந்தான். கோட்டு இல்லை, பெட்டி இல்லை. எண்ணெய்க் கறை பிடித்த ஒரு பழைய வேலை உடுப்பு, ஒட்டிப்போன வயிறு, உதடு இரண்டும் வெடித்து வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. முகம் யாருடைய முகம் போலவும் இல்லை. வரப்பில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்து வந்து, ஜெனோவாவின் வாசலில் சுவரைப் பிடித்து நின்று, வாயைத் திறந்தான். பேச்சு வரவில்லை. மறுபடி திறந்தான்.

"தண்ணி" என்றான்.

ஜெனோவா கையில் துடைப்பம் இருந்தது. "தண்ணியும் கெடையாது ஒண்ணும் கெடையாது, போலே அங்கிட்டு!" என்றாள். "அடுத்து எவன் மூஞ்சியப் போட்டுக்கிட்டு வருவீய? போ!"

அவன் போகவில்லை. போவதற்குத் தெம்பு இருந்ததாகவும் தெரியவில்லை. பையன்கள் வந்து, கூப்பிட்டுப் பார்த்து, நடக்காததால் இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு போய்க் கிட்டங்கிக்குள் விட்டுப் பூட்டினார்கள். அவனைத் தூக்கியபோது மற்றவர்களைப் போல இல்லாமல் கனமாக இருந்ததாக ஒரு பையன் சொன்னான். நாங்கள் அதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் ஜெனோவா வாசலில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தாள், உட்கார்ந்துகொண்டே இருந்தாள். ஒருவரும் வரவில்லை. சங்கத்து ஆள் போன் செய்து, "எதும் வந்துச்சாம்மா?" என்று கேட்பார், "வரல சார்" என்பாள். அவர் குரலும் போகப் போக இறங்கிக்கொண்டே வந்தது.

விஷயம் உடைந்தது தெக்ளாவால். தெக்ளாவின் மகளுக்கு விடுதியில் இடம் ஒதுக்கிய செய்தி வர வேண்டியிருந்தது, வந்தது. பழைய மாதிரியே முகம் ஞாபகமில்லாத பெண். தெக்ளா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஊர்த் தீர்மானத்தை மீறி, அவளைக் கதவுக்குப் பின்னால் இழுத்து ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தாள். அவள் சொல்லிவிட்டுப் போனதும் மாப்பை எடுத்துக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, சுவரோரமாக எட்டி ஜெனோவாவிடம் சந்தோஷமாகச் சொன்னாள்.

"ஏட்டி, இவ நல்லவட்டி. ஒரு சொட்டு ஈரம் வைக்கல. அன்னைக்கு காலேஜ்ல இருந்து வந்தாளே, அவளும் இப்படித்தான். குடிச்ச தண்ணி வயித்துல நிக்குது போல. அந்தக் கோட்டுக்காரப் பயலுவளுக்குத்தான் வாய் வழியா ஊத்துனா கால் வழியா ஓடிருது."

ஜெனோவா திரும்பினாள். தன் வாசலைப் பார்த்தாள். அந்த முதல் இன்னாசி நின்ற இடத்தை அவள் எத்தனை முறை துடைத்திருப்பாள். உப்புத் தரை குழைந்து அங்கே ஒரு பள்ளமே விழுந்திருந்தது. பிறகு அவளுக்கு வெடித்த உதடு ஞாபகம் வந்தது. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை கேட்டார்கள், கணக்கு நம்பர் கேட்டார்கள், கம்மல் கேட்டார்கள், வாக்குக் கேட்டார்கள். தண்ணீர் நாமாகக் கொடுத்தோம், குடித்தார்கள். அதைக் கேட்டு வந்தவன் அவன் ஒருத்தன்தான்.

"மாதாவே!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெக்ளா மாப்பைக் கீழே போட்டாள்.

வீட்டில் லாரித் தண்ணீர் இல்லை. கிணற்றில் இறைத்த உவர்த் தண்ணீர் ஒரு குடம் இருந்தது. அதை இடுப்பில் ஏற்றி, ஒரு செம்பைக் கவிழ்த்துக்கொண்டு அவள் ஓடியதும், என்ன ஏதென்று தெரியாமல் தெருவும் பின்னால் ஓடியது. கிட்டங்கி வாசலில் ரெமிஜியூஸ் அண்ணாச்சி எழுந்து கதவுக்குக் குறுக்கே நின்றார்.

"தெறங்க அண்ணாச்சி. எங்க வீட்டு அவிய அனுப்புன ஆளு உள்ள கெடக்கு."

"தங்கச்சி, அன்னைக்கும் அவியன்னுதான் சொன்ன. பத்துப் பேரு வந்தானுவ. இதுக்குள்ள இப்ப எத்தனை பேரு இருக்கானுவன்னு எனக்கே தெரியாது. ஒருத்தனுக்கு நீ தண்ணி குடுத்தாலும் நாளைக்கு ஊரு தாங்காது. கை தூக்கித்தான முடிவு பண்ணுனோம், மொதல்ல தூக்குனது நீ."

"நான்தான் தூக்குனேன். நான்தான் அவன வெரட்டுனேன். இப்ப நான்தான் கேக்கேன், தெறங்க."

"இதுல எவன்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

"என்ன உள்ள விட்டு வெளிய பூட்டிருங்க. நாளைக்கு வரப்போற கூட்டம் பூராவும் என் வாசலுக்கே வரட்டும். கண்டுபிடிக்காம தட்ட மாட்டேன்."

அண்ணாச்சி எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம். யாரும் திற என்று சொல்லவில்லை, திறக்காதே என்றும் சொல்லவில்லை, அது எங்கள் லட்சணம். கடைசியில் அவராகவே பூட்டைத் திறந்து, அவளை உள்ளே விட்டு, சொன்ன சொல்படி வெளியே பூட்டினார்.

தகரச் சுவரில் இருந்த ஓட்டைகள் வழியாக நாங்கள் பார்த்தோம். உள்ளே ஓட்டைகள் வழியாக விழுந்த வெளிச்சம்தான், அந்த வெளிச்சத்தில் முகங்கள், முகங்களுக்குப் பின்னால் முகங்கள், சுவர்வரைக்கும் முகங்கள், அத்தனையும் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பின. அன்புள்ள பயனாளரே, வாழ்த்துக்கள் அம்மா, இன்றே கடைசி நாள், நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள், உங்கள் கணக்கு, உங்கள் கணக்கு, உங்கள் கணக்கு. அவள் குடத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நடுவில் நுழைந்தாள். அவர்களுக்கு எடை இல்லை, ஆனாலும் விலகவில்லை, ஈரத் துணிகள் தொங்குகிற கொடிகளுக்குள் நுழைவது போல அவள் ஒவ்வொருவனாக ஒதுக்கி ஒதுக்கிப் போனாள். பாதியில் பத்து இன்னாசிகளும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். பத்து வாயும் "ஜெனோவா" என்றன. அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அதில் ஒருவன் செம்பைப் பறித்துக் குடத்தில் மோந்து குடித்தான், அடுத்தவன் மோந்தான், அடுத்தவன் மோந்தான், அவர்கள் நின்ற இடத்தில் உப்புத் தரை கரைந்து சேறாக ஓடியது. குடத்தில் பாதி போய்விட்டது. வெளியே தெக்ளா தகரத்தைப் படபடவென்று அடித்து, "வாடி வெளிய, போதும் வாடி!" என்று அழுதாள்.

ஜெனோவா செம்பைப் பிடுங்கிக்கொண்டாள். பேசுகிற ஒருவனையும் பார்க்கக் கூடாது என்று அப்போது அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பேச்சு இல்லாத இடம் எது என்று தேடினாள். எல்லாச் சத்தத்துக்கும் அந்தப் பக்கம், கடைசி மூலையில், பழைய உப்புக் குவியலில் சாய்ந்து ஒருவன் கிடந்தான். உடம்பெல்லாம் உப்பு. உதடு ஒட்டிப்போய், பிரிக்க முடியாமல் கிடந்தது. அவள் தன் சேலைத் தலைப்பை நனைத்து அந்த உப்பைத் துடைத்தாள். பிறகு தலையை மடியில் தூக்கி வைத்து, செம்பைச் சாய்த்தாள்.

அவன் தொண்டை ஏறி இறங்கியது. ஒரு செம்பு குடித்தான். இரண்டாவது குடித்தான். அவள் அவன் காலடியைப் பார்த்தாள். உப்பு உப்பாகவே, பொடிப்பொடியாக, காய்ந்து கிடந்தது. மூன்றாவது செம்பு உள்ளே போனதும் அவன் வாய் பேசியது, இன்னாசி பேசுகிற மாதிரியே பேசியது.

"ஜெனோ, கேப்டன் பெர்மிஷன் குடுத்துருக்காரு, சீக்கிரம் சொல்லுதேன். எடம் குறிச்சுக்கோ." இடத்தைச் சொன்னான், எண்ணும் திசையுமாக இரண்டு தடவை சொன்னான். "டேங்க் வத்திருச்சு. இன்னும் ரெண்டு நாளைக்கு ஆளுக்கு ஒரு தம்ளர் வருமாம். லீவுல வரும்போதெல்லாம் நம்ம கெணத்துத் தண்ணிய ஒண்ணுக்கும் ஒதவாதுன்னு திட்டுவேம்லா. மன்னிச்சிரு. இப்ப அது ஒரு செம்பு கெடைச்சாப் போதும்னு இருக்கு."

இரண்டு நாள் என்று அவன் சொன்னதும் அவள் விரல் விட்டு எண்ணினாள். அவனைக் கிட்டங்கிக்குள் பூட்டி ஒரு வாரத்துக்கு மேலாகிவிட்டது.

அவள் கதவைத் தட்டினாள். அண்ணாச்சி திறந்தார். அவள் வெளியே வந்து பேசிய முதல் பேச்சு சங்கத்து ஆளிடம், போனில், அந்த எண்ணும் திசையும். ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டு, திருப்பிப் படித்துக் காட்டிவிட்டு, "எப்பம்மா வந்துச்சு இது?" என்று கேட்டார். அவள் போனை அண்ணாச்சியிடம் நீட்டினாள். அண்ணாச்சி போனை வாங்கி, "லேட்டாயிருச்சு சார். தப்பு எங்க மேல. நீங்க படகை அனுப்புங்க" என்றார்.

பதிலுக்குக் காத்திருக்கிற மெயில் பதில் வாங்காமல் போகாது. அவனை நாங்கள் தூக்கி வந்து ஜெனோவாவின் வாசலில் உட்கார வைத்தோம். அவன் குடித்தான். அவள் ஊற்றினாள், குடித்தான். தெக்ளா தன் குடத்தைக் கொண்டுவந்தாள், குடித்தான். பரணில் கிடந்த செம்புகள் இறங்கின, தெருவே வரிசையில் நின்றது, லாரித் தண்ணீரை மறைத்து வைத்திருந்தவர்கள்கூடத் தலையைக் குனிந்துகொண்டு கொண்டுவந்தார்கள், எல்லாவற்றையும் குடித்தான், ஒரு மனிதன் குடிக்கிற அளவெல்லாம் தாண்டிக் குடித்தான், ஒரு கப்பல் ஆட்கள் குடிக்கிற அளவுக்குக் குடித்தான், தரையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. அது எங்கே போகிறது என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. நிறுத்தினால் என்ன ஆகுமோ என்ற பயத்தில் ஆள் மாற்றி ஆள் ஊற்றிக்கொண்டே இருந்தோம். இதற்கிடையில் கிட்டங்கியில் தண்ணீர் பறித்துக் குடித்துவிட்டுத் திறந்த கதவு வழியாகப் போனவர்கள் கூட்டி வந்த இன்னாசிகள் வரப்பை நிறைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களை விலக்கி விலக்கித்தான் கிணற்றுக்குப் போனோம், வந்தோம்.

ஒரு மத்தியானம் அவன் செம்பைக் கையால் தடுத்தான். "போதும்" என்றான். போதும் என்றால் என்ன போதும்? ஜெனோவா அவன் வாயில் செம்பை வைத்து அழுத்தி, "குடிங்க, குடிங்கன்னா" என்று கெஞ்சினாள். அவன் குடிக்கவில்லை, பதிலுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி அவளையே பார்த்தான். அவள் செம்பைக் கீழே வைத்தாள்.

"வந்துருங்க" என்றாள். "வேற ஒண்ணும் இல்ல. வந்துருங்க."

அவன் எழுந்து, கடல் பக்கமாக நடந்து போய்விட்டான்.

அன்று சாயங்காலம் சங்கத்து ஆள் கூப்பிட்டார். கப்பலைக் கண்டுபிடித்துவிட்டார்களாம், ஆட்களைக் கரையேற்றிவிட்டார்களாம், எல்லோரும் பிழைத்தார்களா என்பது அவருக்கே இன்னும் தெரியாதாம். "பேர் வெவரம் மெயில்ல வரும்மா" என்றார். நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோம்.

பேர் விவரம் வரவில்லை, அப்புறம் வந்ததெல்லாம் இன்னாசிகள்தான். காலையில் இன்னாசிகள், மாலையில் இன்னாசிகள். கிட்டங்கியை நாங்கள் மறுபடி பூட்டவில்லை, செம்புகளையும் பரணில் ஏற்றவில்லை. ஒவ்வொருவனாக வந்தான், அவள் ஒவ்வொருவனுக்கும் தண்ணீர் கொடுத்தாள், குனிந்தாள், நனைந்தது. மறுநாள் பத்துப் பேர் வந்தார்கள், கொடுத்தாள், குனிந்தாள், நனைந்தது. அவளோடு சேர்ந்து தெருவும் குனியப் பழகியது. அவள் கை தளர்ந்துகொண்டே வந்ததை நாங்கள் பார்த்தோம், ஆனால் ஒருவனையும் அவள் விரட்டவில்லை.

பிறகு ஒரு நாள், மற்றவர்களுக்குப் பின்னால், வரப்பில் ஒருவன் வந்தான். மீசை இல்லை. தலை மொட்டை. இளைத்து அரைவாசி உடம்புதான் இருந்தது. வியர்த்துக் கொட்டியிருந்தது. வாசலில் நின்ற இன்னாசிகளைப் பார்த்து மிரண்டு, ஒதுங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஜெனோ" என்றான்.

அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த முகங்களை நம்பி ஏமாந்து அலுத்திருந்தாள். செம்பில் உவர்த் தண்ணீரை மோந்து நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கி, நிறுத்தாமல் குடித்து, கண்ணை மூடி, நாக்கைச் சப்புக்கொட்டினான். "இதே கரிப்புதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். "கப்பல்ல டேங்கு காஞ்சு கெடந்தப்பயும் வாயில இந்தக் கரிப்பு இருந்துக்கிட்டே இருந்துச்சு."

ஜெனோவா குனிந்தாள். தெக்ளா குனிந்தாள். ரெமிஜியூஸ் அண்ணாச்சி குனிந்தார். தெரு முழுக்கக் குனிந்தது.

"என்னத்தப் பாக்குதீய எல்லாரும்?" என்றான் அவன்.

அவன் கால் இரண்டுக்கும் நடுவில் மண் காய்ந்து கிடந்தது. "ஒண்ணுமில்ல, இன்னொரு செம்பு குடிங்க" என்று சொல்ல வாயெடுத்த ஜெனோவா, சொல்லி முடிக்காமல் அவன் காலடியிலேயே உட்கார்ந்து அழுதாள். அவள் அழுத அழுகையில்தான் அந்த இடம் நனைந்தது.